ஒரே சர்வர்ல ஊருக்கு ஒரு சைட்: வைல்ட்கார்ட் சப்டொமைன் கேட்ட மோல்மேன் தம்பிக்கு

பர்மாவுல மோல்மேன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. சிங்கப்பூர்ல சின்னதா ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) வாங்கியிருக்காரு, ஒரு ஜிபி ராம், உபுண்டு, அதுல பக்கங்கள எடுத்துக் குடுக்கற என்ஜின்எக்ஸ். டொமைன் ஒண்ணுதான். அதுக்குக் கீழ மோல்மேன், தட்டோன், பேகு, சிரியம்னு ஊருக்கு ஒரு சப்டொமைன் குடுத்து அந்தந்த ஊர்க் கோயில் விசேஷ தேதி, ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நேரம் எல்லாம் போடணும்னு ஆசை. புதுசா ஒரு ஊர்க்காரங்க வந்து கேட்டா கான்ஃபிக் ஃபைலத் தொடாம ஒரு ஃபோல்டர் போட்டாலே சைட் வந்துரணும். பேருக்கு ஐபி சொல்ற டிஎன்எஸ்ல நட்சத்திரம் (* குறி, எந்தப் பேரா இருந்தாலும்னு அர்த்தம், வைல்ட்கார்டுங்கறது இதத்தான்) போட்டுட்டாரு, என்ஜின்எக்ஸ்லயும் நட்சத்திரம் போட்டுட்டாரு, சர்டிஃபிகேட்டும் நட்சத்திர சர்டிஃபிகேட்தான். ஆனா மூணு சிக்கல். எந்த ஊர் பேரத் தட்டினாலும் மோல்மேன் பக்கமே வருது. பேகு வகுப்புக்குன்னு பள்ளி.பேகு-ன்னு ஒரு பேர் வச்சா பிரவுசர் சிவப்பா எச்சரிக்கை காட்டுது. தட்டோன் மட்டும் திறக்கவே மாட்டேங்குது.

தம்பி, மூணுக்கும் காரணம் வேற வேற, ஆனா வேர் ஒண்ணுதான். அந்த நட்சத்திரக் குறி டிஎன்எஸ்ல ஒரு அர்த்தம், சர்டிஃபிகேட்ல ஒரு அர்த்தம், என்ஜின்எக்ஸ்ல இன்னொரு அர்த்தம். பாக்க ஒரே மாதிரி இருக்கறதால எல்லாம் ஒண்ணுதான்னு நம்பிடுறோம். நான் ரங்கூன்ல இந்த வேலைய பத்து வருஷத்துக்கு மேல பண்றேன், இதே மூணு இடத்துலதான் எல்லாரும் வந்து நிக்கறாங்க, நானும் நின்னிருக்கேன். அதனால ஒவ்வொரு இடமா பாப்போம். எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதறேன், ஃபைல்ல அடிக்கும்போது இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க, நான் அடிக்கோடு போட்ட இடத்துல அங்கயும் அடிக்கோடு வரும். டொமைன எக்ஸாம்பிள்.காம்னு வச்சுக்குவோம், பாடம் சொல்றதுக்குன்னே ஒதுக்கி வச்ச பேரு அது.

தட்டோன்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுதான் ரொம்ப பேர ராத்திரி பூரா உக்கார வைக்கிற விஷயம். டிஎன்எஸ் நட்சத்திரம்னா "இந்தப் பேர்ல எதுவுமே இல்லன்னா இந்தப் பதிலச் சொல்லு"ன்னு அர்த்தம். எதுவுமேங்கற வார்த்தையக் கவனிங்க. 1987-ல வந்த ஆர்எஃப்சி 1034-லயே (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிகள எழுதி வைக்கற ஆவணம்) இது இருக்கு, ஆளாளுக்கு ஒரு விதமா புரிஞ்சுக்கிட்டதால 2006-ல ஆர்எஃப்சி 4592-ன்னு தனியா ஒண்ணு எழுதி விளக்கினாங்க. தட்டோன் பேருக்கு நீங்க ஏதாவது ஒரு ரெக்கார்ட் தனியா போட்டிருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க. கூகுள்ல சைட்டச் சேக்கறதுக்கு ஒரு டிஎக்ஸ்டி வரி (வெறும் எழுத்து மட்டும் உள்ள ரெக்கார்ட்) போடச் சொல்லுவாங்களே, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். அந்த ஒரு வரி போட்ட உடனே தட்டோன்ங்கற பேர் "இருக்கற பேர்" ஆயிடுச்சு. அதுக்கப்புறம் யாராவது தட்டோனோட ஐபி என்னன்னு கேட்டா டிஎன்எஸ் நட்சத்திரத்தப் பாக்காது, "பேர் இருக்கு, ஐபி இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிடும்.

இத நீங்களே பாக்கலாம். டெர்மினல்ல டிக் கமாண்ட் அடிச்சு தட்டோன்.எக்ஸாம்பிள்.காம்னு கேளுங்க. மேல ஸ்டேட்டஸ்னு ஒரு வரி வரும். அதுல நோஎரர்னு இருந்து ஆன்சர்ங்கற இடத்துல 0-ன்னு இருந்தா நான் சொன்னதேதான். எந்த ரெக்கார்டும் போடாத, வாய்க்கு வந்த ஒரு பேரக் கேட்டுப் பாருங்க, அதுக்கு ஒழுங்கா ஐபி வரும். பேரே இல்லாதவனுக்குப் பதில் வருது, பேர் வச்ச தட்டோனுக்கு வரலன்னா வேற சந்தேகமே வேண்டாம். வைத்தியம் ரொம்ப சின்னது, அந்த டிஎக்ஸ்டி வரிக்குப் பக்கத்துலயே தட்டோனுக்குன்னு ஐபி எழுதற ஏ ரெக்கார்ட் ஒண்ணு தனியா போட்டுருங்க. இல்லன்னா கூகுள்ல மொத்த டொமைனையும் ஒரே தடவையா சரிபாக்கற வழி இருக்கு, அதுக்கு டிஎக்ஸ்டி தலைப்பேர்ல, அதாவது வெறும் எக்ஸாம்பிள்.காம்ல போனாப் போதும், ஊர்ப் பேரயெல்லாம் தொட வேண்டியதே இல்ல. எனக்கு இந்த ரெண்டாவது வழிதான் பிடிக்கும்.

டிஎன்எஸ்லயே இன்னும் ரெண்டு விஷயம். நட்சத்திரம் தலைப்பேர மூடாது, வெறும் எக்ஸாம்பிள்.காம்க்கு தனியா ஒரு ஏ ரெக்கார்ட் வேணும். அப்புறம் உங்க விபிஎஸ்க்கு ஐபிவி6 குடுத்திருந்தாங்கன்னு நட்சத்திரத்துக்கு ஒரு குவாட்-ஏ ரெக்கார்டும் (ஐபிவி6-க்கான ஏ ரெக்கார்ட்) போட்டீங்கன்னா, என்ஜின்எக்ஸ்ல லிசன் வரிய ஐபிவி6-க்கும் சேத்து எழுதணும், அதாவது லிசன் 443-க்குக் கீழ லிசன் [::]:443-ன்னும் இருக்கணும். அத மறந்தா ஐபிவி4-ல வர்றவங்களுக்கு சரியான பக்கம் வரும், ஐபிவி6-ல வர்றவங்களுக்கு ஒண்ணு தெறக்காது இல்லன்னா வேற எவனோட பக்கமோ வரும், "எனக்கு நல்லா வருதே"ன்னு நீங்களும் "எனக்கு வரலயே"ன்னு அவங்களும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருப்பீங்க.

இப்ப பள்ளி.பேகு. இதுலதான் ரெண்டு நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாம நிக்குது. டிஎன்எஸ் நட்சத்திரம் எத்தன புள்ளி வச்ச பேரா இருந்தாலும் பதில் சொல்லும், பள்ளி.பேகு.எக்ஸாம்பிள்.காம்க்கும் ஐபி குடுத்துரும். ஆனா சர்டிஃபிகேட் நட்சத்திரம் ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும், ரெண்டு புள்ளிக்கு நடுவுல உள்ள ஒரே ஒரு துண்டு. பேகு.எக்ஸாம்பிள்.காம் சரி, பள்ளி.பேகு.எக்ஸாம்பிள்.காம் சரியில்ல. பிரவுசர் எச்சரிக்கை காட்டறது நியாயந்தான், அது தன் வேலையத்தான் பாக்குது. இதுக்குன்னு *.பேகு.எக்ஸாம்பிள்.காம்னு இன்னொரு சர்டிஃபிகேட் எடுக்க முடியும், ஆனா நாளைக்கு மோல்மேனுக்கும் ஒண்ணு, தட்டோனுக்கும் ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். புள்ளிக்குப் பதிலா ஹைஃபன் வைங்க, பேகு-பள்ளி.எக்ஸாம்பிள்.காம். ஒரே படி, ஒரே சர்டிஃபிகேட், எத்தன ஊர் வந்தாலும் ஒரே கதை. பேர் வைக்கறதுக்கு முன்னாடியே இத முடிவு பண்ணிடுங்க, கோயில் நோட்டீஸ்ல அச்சடிச்சு ஊருக்குள்ள குடுத்ததுக்கு அப்புறம் மாத்தறது பெரிய பாடு.

சர்டிஃபிகேட் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். லெட்ஸ் என்க்ரிப்ட் 2018 மார்ச்ல இருந்துதான் வைல்ட்கார்ட் குடுக்கறாங்க, இலவசம், 90 நாள் செல்லும். சாதா சர்டிஃபிகேட்டுக்கு உங்க சர்வர்ல ஒரு ஃபைல் வச்சுக் காட்டினா போதும். வைல்ட்கார்டுக்கு அது செல்லாது, டிஎன்எஸ் வழியா மட்டுந்தான் நிரூபிக்க முடியும். ஏக்மி சேலஞ்ச்னு ஒரு பேர்ல, முன்னாடி ஒரு அடிக்கோடு, நடுவுல ஒரு ஹைஃபனோட, அவங்க குடுக்கற எழுத்துச் சரத்த டிஎக்ஸ்டி ரெக்கார்டா போடணும். இங்க ஒரு குழி இருக்கு. தலைப்பேர், நட்சத்திரப் பேர் ரெண்டையும் ஒரே சர்டிஃபிகேட்ல கேட்டீங்கன்னா (கேக்கத்தான் வேணும், ஏன்னா சர்டிஃபிகேட் நட்சத்திரமும் தலைப்பேர மூடாது) ரெண்டு சரம் குடுப்பாங்க, ரெண்டும் அதே பேர்லதான் போகணும். பழசு ஒண்ண அழிச்சுட்டுப் புதுச எழுதினா தோத்துப் போகும். ரெண்டு டிஎக்ஸ்டியும் பக்கத்துல பக்கத்துல ஒரே நேரத்துல இருக்கணும்.

இத கையால பண்ற வழி, சர்டிஃபிகேட் எடுத்துக் குடுக்கற செர்ட்பாட்ங்கற ப்ரோக்ராம்ல இருக்கு, மேனுவல்னு. தயவுசெஞ்சு அதுல நிறுத்திடாதீங்க. நான் ஒரு கோயிலுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்தேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவ நானே உக்காந்து மாத்திக்கலாம்னு. தீமிதி வாரம் வந்துச்சு, அந்த வாரம் பாத்து எங்க பக்கம் கரண்டு நாள் கணக்குல ஒழுங்கா இல்ல, நான் காலண்டர்ல குறிச்சு வச்சத மறந்தே போனேன். காப்புக் கட்டற அன்னிக்கு காலைல கோயில் பொருளாளர் ஐயா கூப்பிட்டு, "தம்பி, சைட்டுக்குள்ள போகவே பயமா இருக்குப்பா, திருடன் இருக்கான்ற மாதிரி எழுதி வருது, ஜனங்க எங்கிட்ட கேக்கறாங்க"ன்னு சொன்னாரு. அவர் குரல் இன்னும் காதுல இருக்கு. அவருக்கு சர்டிஃபிகேட்னா என்னன்னு தெரியாது, தெரிஞ்சிருக்க வேண்டியதும் இல்ல, கோயில் பேருக்குக் கெட்டது வந்துருச்சோன்னுதான் அவர் பதறினாரு. முன்னாடியெல்லாம் லெட்ஸ் என்க்ரிப்ட்ல இருந்து "முடியப் போகுது"ன்னு மெயிலாவது வரும், 2025 ஜூன்ல இருந்து அதையும் நிறுத்திட்டாங்க. அதனால ஆட்டோமேட்டிக்கா புதுப்பிக்கற ஏற்பாடு இல்லாம வைல்ட்கார்ட் பக்கமே போகாதீங்க.

ஏற்பாடுன்னா, உங்க டிஎன்எஸ் வச்சிருக்கற கம்பெனிக்கு ஏபிஐ (ப்ரோக்ராமே நேரா போய் ரெக்கார்ட மாத்தற வழி) இருக்கணும், அதுக்கு ஏத்த ப்ளகின் செர்ட்பாட்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஏக்மி.எஸ்எச்ங்கற ஸ்கிரிப்ட் இன்னும் நிறைய கம்பெனிக்கு வேலை செய்யும். ஏபிஐ சாவி எடுக்கும்போது மொத்த அக்கவுண்டுக்கும் உள்ள சாவிய எடுத்து சர்வர்ல வைக்காதீங்க. அந்த ஒரு டொமைனோட டிஎன்எஸ்ஸ மட்டும் மாத்தற சாவி எடுங்க, அந்த ஃபைல ரூட் யூசர் மட்டும் படிக்கற மாதிரி 600-ன்னு பர்மிஷன் வைங்க. ஏபிஐயே இல்லாத கம்பெனியா இருந்தா, ஏக்மி சேலஞ்ச் பேர மட்டும் ஒரு சிநேம் போட்டு ஏபிஐ உள்ள வேற ஒரு டொமைனுக்குத் திருப்பி விடலாம், ஒரு தடவ போட்டாப் போதும், மத்த எதையும் அசைக்க வேண்டாம்.

புதுப்பிச்சதோட கதை முடியல. என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது படிச்ச சர்டிஃபிகேட்டையே கையில வச்சுக்கிட்டு இருக்கும், டிஸ்க்ல புதுசு வந்து உக்காந்தது அதுக்குத் தெரியாது. ரீலோட் பண்ணினாத்தான் எடுக்கும். செர்ட்பாட்ல டிப்ளாய் ஹூக்னு ஒண்ணு இருக்கு, அதுல என்ஜின்எக்ஸ் ரீலோட் கமாண்ட எழுதிடுங்க. ஃபைலப் பாத்தா புதுசு, பிரவுசர்ல பாத்தா பழசுன்னு யாராவது சொன்னா இதுதான் காரணம்.

வைல்ட்கார்டுல ஒரு நல்லதும் இருக்கு, பலர் கவனிக்கறது இல்ல. இப்பல்லாம் குடுக்கற ஒவ்வொரு சர்டிஃபிகேட்டும் எல்லாரும் பாக்கற பொதுப் பதிவேட்டுல ஏறிடுது. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா எடுத்தா ஊர்ப் பேரெல்லாம் அங்க வரிசையா நிக்கும். வைல்ட்கார்டுல நட்சத்திரம் மட்டுந்தான் தெரியும். நம்ம ஊர்ல சில பேருக்கு, சில நேரத்துல, இது சாதாரண விஷயம் இல்ல.

இனி முதல் சிக்கல், எல்லாப் பேருக்கும் மோல்மேன் பக்கம். நீங்க எழுதின பிளாக்ல செர்வர்_நேம் *.எக்ஸாம்பிள்.காம், அதுக்குக் கீழ ரூட் மோல்மேன் ஃபோல்டர். இது ரெண்டும் சேந்தா என்ஜின்எக்ஸ் என்ன புரிஞ்சுக்கும்? "எந்தப் பேர்ல வந்தாலும் மோல்மேன் ஃபோல்டரக் குடு." நீங்க சொன்னத அது அப்படியே கேட்டிருக்கு. பிரவுசர் ஒவ்வொரு தடவையும் எந்தப் பேரத் தேடி வர்றோம்னு ஹோஸ்ட்ங்கற ஹெடர்ல சொல்லுது, ஒரே ஐபில நூறு சைட் வைக்க முடியறதே அதனாலதான். ஆனா அந்தப் பேர எடுத்து ஃபோல்டரா மாத்தற வேலைய நீங்கதான் எழுதணும், நட்சத்திரம் அதப் பண்ணாது.

சுலபமான வழி, ரூட் வரில ஃபோல்டர் பாதைக்கு அப்புறம் $ஹோஸ்ட்னு போடறது, ஃபோல்டர் பேர முழு டொமைன் பேரா வச்சுக்கறது. வேலை செய்யும். ஆனா என்ஜின்எக்ஸ் நட்சத்திரமும் டிஎன்எஸ் மாதிரி எத்தன புள்ளினாலும் ஏத்துக்கும், அதனால எனக்கு ரெஜெக்ஸ் (பேர் எப்படி இருக்கணும்னு குறிகளால எழுதற முறை) வழிதான் திருப்தி. செர்வர்_நேம் வரிய ஒரு டில்டே குறியோட ஆரம்பிங்க, அப்புறம் ஆரம்பக் குறி ^, அப்புறம் அடைப்புக்குள்ள கேள்விக்குறி போட்டு <சைட்>னு ஒரு பேர், அதுக்கு அடுத்து சதுர அடைப்புக்குள்ள சின்ன எழுத்து ஏ-ல இருந்து இசட் வரைக்கும், 0-9, ஹைஃபன், இது மட்டும், சதுர அடைப்புக்குப் பின்னாடி ஒரு +. அடைப்ப மூடிட்டு \.எக்ஸாம்பிள்\.காம், கடைசில $. புள்ளிக்கு முன்னாடி அந்த சாய்கோடு முக்கியம், இல்லன்னா ரெஜெக்ஸ்ல புள்ளின்னா எந்த எழுத்தும்னு ஆயிடும். அதுக்குக் கீழ ரூட் /எஸ்ஆர்வி/சைட்ஸ்/$சைட். அவ்வளவுதான், பேகுன்னு வந்தா பேகு ஃபோல்டர், சிரியம்னு வந்தா சிரியம் ஃபோல்டர். எழுத்து, எண், ஹைஃபன் மட்டும்னு கட்டுப்படுத்தினதால எவனாவது புள்ளி சாய்கோடுன்னு எதையாவது நுழைச்சு வேற ஃபோல்டருக்குள்ள எட்டிப் பாக்கற வழியும் அடைபட்டுப் போகுது. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கணும்னு நெளி அடைப்பு போட்டீங்கன்னா மொத்த ரெஜெக்ஸையும் கொட்டேஷன் குறிக்குள்ள போடுங்க, என்ஜின்எக்ஸுக்கு நெளி அடைப்புன்னா பிளாக் ஆரம்பம்.

இப்ப ஒரு எச்சரிக்கை, இத சரியா படிங்க. ரெஜெக்ஸ் பிளாக் எழுதிட்டு பழைய நட்சத்திர பிளாக்கையும் அப்படியே விட்டு வச்சீங்கன்னா ரெஜெக்ஸ் பக்கம் ஒரு ஆள் கூட வரமாட்டான். என்ஜின்எக்ஸ் பேர் தேடற வரிசை நிலையானது: முதல்ல முழுப் பேர் அப்படியே பொருந்துதா, அப்புறம் முன்னாடி நட்சத்திரம் உள்ளதுல ரொம்ப நீளமானது, அப்புறம் பின்னாடி நட்சத்திரம் உள்ளது, கடைசிலதான் ரெஜெக்ஸ், அதுவும் ஃபைல்ல எழுதின வரிசைல முதல்ல பொருந்தறது. நட்சத்திரம் எப்பவும் ரெஜெக்ஸ ஜெயிச்சுரும். பழைய பிளாக்க எடுத்துருங்க. எடுத்துட்டு என்ஜின்எக்ஸ் -டி (டெஸ்ட்ல வர்ற டி) பெரிய எழுத்துல அடிச்சா மொத்த கான்ஃபிக்கும் ஒண்ணாக் கொட்டும், அதுல எக்ஸாம்பிள்.காம்னு தேடுங்க, மறந்து போன பழைய ஃபைல் எங்கயாவது ஒளிஞ்சிருந்தா அங்க தெரிஞ்சுரும். இதே வரிசை நமக்கு உபயோகமாவும் இருக்கு, அட்மின்.எக்ஸாம்பிள்.காம் மாதிரி தனி கவனிப்பு வேண்டிய பேருக்கு முழுப் பேரோட தனி பிளாக் எழுதினா அது எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கும்.

எந்தப் பேர்லயும் பொருந்தாம வர்றவங்க எங்க போவாங்கன்னும் நீங்களே சொல்லிடணும். டிஃபால்ட்_செர்வர்னு எந்த பிளாக்கையும் குறிக்கலன்னா என்ஜின்எக்ஸ் படிச்ச முதல் பிளாக்குக்கே அனுப்பும், உபுண்டுல ஃபைல்கள அகர வரிசைல படிக்கறதால ஏ-ல ஆரம்பிக்கற ஊர்க்காரன் தலைல எல்லாப் பாரமும் வந்து விழும். தனியா ஒரு பிளாக் எழுதி டிஃபால்ட்_செர்வர்னு குறிச்சு ரிட்டர்ன் 444 போடுங்க, பதிலே சொல்லாம லைன வெட்டிரும். 443-க்கு எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்னு ஒரு வரி இருக்கு, ஆனா அது 1.19.4-ல தான் வந்துச்சு. உபுண்டு 22.04-ல கூடவே வர்றது 1.18, அதுல இது கிடையாது. 24.04-ல 1.24 வருது, இருக்கும்.

பொருந்தற பேர்தான், ஆனா ஃபோல்டர் இல்லன்னா? நட்சத்திர டிஎன்எஸ் போட்டாச்சுன்னா உலகத்துல எவன் எந்தப் பேரக் கேட்டாலும் உங்க சர்வருக்கு வந்துருவான், தானா தேடி அலையற பாட் ப்ரோக்ராமுங்க நாள் பூரா கேட்டுக்கிட்டுதான் இருக்கும். பிளாக்குக்குள்ள ஒரு இஃப் போட்டு -டி (டைரக்டரில வர்ற டி, சின்ன எழுத்து) குறியோட அந்த ஃபோல்டர் இருக்கான்னு பாத்து இல்லன்னா 404 குடுத்துருங்க. ஆள் இல்லாத பேருக்கெல்லாம் ஏதோ ஒரு பக்கத்தக் காட்டிட்டு இருந்தா தேடல்ல நூத்துக்கணக்கான போலி சைட் மாதிரி ஏறிடும்.

ஃபோல்டர் பேர் விஷயத்துல ஒண்ணு கண்ணால பாத்தது. பேகுல ஒரு பையனுக்கு இத சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். ராத்திரி போன் பண்றான், எல்லாம் சரியா இருக்கு 404-தான் வருதுன்னு. கான்ஃபிக்க போட்டோ எடுத்து அனுப்பினான், ஒரு எழுத்து தப்பில்ல. டிஎன்எஸ் சரி, சர்டிஃபிகேட் சரி. கடைசில ஃபோல்டர் லிஸ்ட்ட அனுப்புடான்னேன். மத்த ஊரெல்லாம் சின்ன எழுத்துல இருக்கு, பேகு மட்டும் முதல் எழுத்து கேப்பிட்டல். பிரவுசர்ல எப்படித் தட்டினாலும் என்ஜின்எக்ஸ் பேர சின்ன எழுத்தா மாத்திடும், ஆனா லினக்ஸ்ல சின்ன பேகு வேற, பெரிய பேகு வேற ஃபோல்டர். பேர மாத்தினான், அந்த நிமிஷமே வந்துருச்சு. அன்னில இருந்து ஃபோல்டர் போடறதுக்குன்னு நாலு வரில ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன், என்ன பேர் குடுத்தாலும் சின்ன எழுத்தா மாத்தி, உரிமை பர்மிஷன் எல்லாம் வச்சு, உள்ள ஒரு வெள்ளப் பக்கமும் போட்டுரும். நீங்களும் அப்படி வச்சுக்கங்க.

தமிழ் எழுத்துலயே சப்டொமைன் வேணும்னு கோயில்காரங்க கேப்பாங்க, எனக்கும் அது ரொம்பப் பிடிச்ச விஷயம். முடியும். பிரவுசர்ல தமிழ்ல தெரிஞ்சாலும் சர்வருக்கு வரும்போது எக்ஸ்என்னு ஆரம்பிச்சு ரெண்டு ஹைஃபன் போட்டு ஒரு குழப்பமான இங்கிலீஷ் எழுத்துக் கோவையா வரும், ப்யூனிகோடுன்னு பேரு. நம்ம ரெஜெக்ஸ்ல எழுத்து, எண், ஹைஃபன் மூணும் இருக்கறதால அது தானாவே உள்ள வந்துரும். ஃபோல்டருக்கு அந்தக் குழப்பப் பேரையே வைங்க, இல்லன்னா ஊர் ஃபோல்டருக்கு அந்தப் பேர்ல ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போடுங்க, நான் சிம்லிங்க்தான் போடறேன். ஒரு துண்டுக்கு 63 எழுத்துதான் வரம்பு, அது ப்யூனிகோடா மாறினதுக்கு அப்புறம் எண்ணற கணக்கு, அதனால "அருள்மிகு"ல ஆரம்பிச்சு சாமி முழுப் பேரும் போட ஆசைப்பட்டா இடிக்கும். பர்மிய எழுத்துக்கும் இதே வழிதான். பக்கத்துக்குள்ள எழுத்து எல்லாம் யூனிகோடா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு மாறினாலும் ஜௌஜிங்கற பழைய பர்மிய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்கள இன்னும் பலர் அப்படியே தூக்கிக் குடுக்கறாங்க.

லாக் பத்தி சுருக்கமா. ஆக்சஸ்_லாக் வரில $சைட் போட்டு ஊருக்கு ஒரு லாக் எழுத வைக்கலாம், ஆனா அப்படி எழுதறது வொர்க்கர் யூசர்தான், அந்த ஃபோல்டர்ல அவனுக்கு எழுத அனுமதி வேணும். எரர்_லாக்ல வேரியபிள் வேலை செய்யாது, எல்லாருக்கும் ஒண்ணுதான்.

எல்லாம் எச்டிஎம்எல் பக்கந்தான்னா ஒரு ஜிபி ராம் தாராளம். எவனாவது பிஎச்பி கேட்டா நல்லா யோசிங்க. ஒரே பிஎச்பி-எஃப்பிஎம் பூல்ல (பிஎச்பிய ஓட்டற ப்ரோக்ராம் கூட்டம்) எல்லா ஊரும் ஓடினா ஒரு ஊர்ல உள்ள ஓட்டை வழியா நுழைஞ்சவன் எல்லா ஊர் ஃபைலையும் படிப்பான். ஊருக்கு ஒரு யூசர், ஊருக்கு ஒரு பூல், ஆன்டிமாண்ட் முறைல வச்சா ஆள் வராதப்ப மெமரி தின்னாது. என்ஜின்எக்ஸ் மாதிரியே இன்னொண்ணான அப்பாச்சில பழகினவங்களுக்கு விர்ச்சுவல்டாக்குமென்ட்ரூட்னு ஒரு வரி இருக்கு, விஹோஸ்ட்_அலியாஸ் மாட்யூல ஆன் பண்ணிட்டு பாதைல %1 போட்டா பேரோட முதல் துண்டு அங்க வந்து உக்காந்துரும், நம்ம ரெஜெக்ஸ் பண்றத அது ஒரே எழுத்துல பண்ணிரும். உங்ககிட்ட என்ஜின்எக்ஸ் ஓடிக்கிட்டு இருக்கறதால மாறச் சொல்லமாட்டேன்.

ஊர்க்காரங்களுக்கு ஃபைல் ஏத்த எஸ்எஃப்டிபி மட்டும் குடுங்க, அவங்க ஃபோல்டருக்குள்ளயே அடைச்சு. ஷெல் வேண்டாம். எல்லா ஊருக்கும் ஒரே சர்டிஃபிகேட்னா ஒரே பிரைவேட் சாவி, அது ஒரு இடத்துல போச்சுன்னா எல்லாருக்கும் போச்சு. லாகின் வைக்கற சைட் இருந்தா குக்கிய தலை டொமைன் பேருக்குப் போடாம அந்த சப்டொமைனுக்கு மட்டும் போடச் சொல்லுங்க, இல்லன்னா பேகு குக்கி சிரியத்துக்கும் போகும்.

மாத்தினத சோதிக்கறப்ப பிரவுசர நம்பாதீங்க, அது பழச ஞாபகம் வச்சுக்கும். கர்ல் கமாண்ட்ல ரிசால்வ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பேர், 443, ஐபி மூணையும் குடுத்தா டிஎன்எஸ் பக்கமே போகாம நேரா உங்க சர்வர்கிட்ட கேக்கும். அதுல சரியா வந்து பிரவுசர்ல வரலன்னா தப்பு டிஎன்எஸ்ல இல்லன்னா பிரவுசர் ஞாபகத்துல, ரெண்டுலயும் வரலன்னா தப்பு என்ஜின்எக்ஸ்ல. தட்டோனுக்கு ஏ ரெக்கார்ட் போட்டதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் உங்க லைன்ல வராம இருக்கலாம், ஏன்னா "இல்ல"ங்கற பதிலையும் டிஎன்எஸ் சேத்து வச்சுக்கும். அது எவ்வளவு நேரம்னு எஸ்ஓஏ ரெக்கார்டுல எழுதியிருக்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க, பதட்டத்துல எல்லாத்தையும் மறுபடி மாத்திடாதீங்க.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு. இங்க இருந்து வெளிநாட்டுக்கு கார்டுல காசு கட்டறது கஷ்டங்கறதால நம்மள்ல நிறைய பேர் சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருக்கற சொந்தக்காரங்க கார்டுல, அவங்க மெயில்லயே டொமைன் வாங்கி வச்சிருக்கோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு சங்கத்துக்கு அப்படி வாங்கிக் குடுத்த மாமா கார்ட மாத்தினாரு, பழைய மெயிலப் பாக்கறத விட்டுட்டாரு, டொமைன் காலாவதி ஆனது யாருக்கும் தெரியல. டாட்காம்ல தேதி முடிஞ்சதும் கொஞ்ச நாள் சலுகை இருக்கும், அதுக்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுல எடுக்கக் கூடுதலாக் கட்டணும், அதுவும் போனா அஞ்சு நாள்ல எவன் வேணாலும் வாங்கலாம். அவங்க மீட்புக் காலத்துல கண்டுபிடிச்சதால தப்பிச்சாங்க. நீங்க ஒரு டொமைனுக்குக் கீழ பத்து ஊர் கோயில வைக்கப் போறீங்க, அது போனா பத்தும் ஒண்ணாப் போகும். காசு யார் கட்டினாலும் அக்கவுண்ட் மெயில் நீங்க தினம் பாக்கற மெயிலா இருக்கட்டும், முடிஞ்சா ரெண்டு மூணு வருஷத்துக்குச் சேத்துக் கட்டுங்க, பாஸ்வேர்ட ஒரு தாள்ல எழுதி கோயில் கணக்குப் புத்தகம் இருக்கற பீரோவுல வைங்க, தலைவருக்கும் பொருளாளருக்கும் அது இருக்கற இடத்தச் சொல்லிடுங்க. தட்டோன் சரியாச்சான்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க தம்பி.